சிசிலி டைசன்

சிசிலி டைசன் (டிசம்பர் 19, 1924 – ஜனவரி 28, 2021) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பின நடிகை ஆவார். மேடை, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய மூன்றிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடித்தவர். கறுப்பினப் பெண்களை இழிவாகக் காட்டும் வேடங்களை ஏற்பதில்லை என்று உறுதியாக இருந்தவர். இவ்வுறுதியினால் வேலையின்றி இருந்த காலங்களும் இவருக்கு உண்டு.

இளமைக்காலம்

கரிபியன் கடலிலுள்ள நெவிஸ் தீவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க் நகரில் பிறந்தார். செஞ்சிலுவைச் சங்கத்தில் தட்டச்சராகப் பணிபுரிந்து, பின்னர் மாடலாகி, அதன்வழி நடிப்புக்கு வந்தார். ஆழ்ந்த சமயப்பற்றுடைய தாயார் நடிப்பைப் பாவமாகக் கருதி மகளை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார். நெடுங்காலம் பல நூல்களில் இவர் பிறந்த ஆண்டு 1933 எனத் தவறாகக் குறிக்கப்பட்டு வந்தது.

தொலைக்காட்சி

1961 இல் ழான் ஜெனேயின் 'தி பிளாக்ஸ்' நாடகத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மாயா ஏஞ்சலோ ஆகியோருடன் நடித்தார். 1963 இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'ஈஸ்ட் சைட்/வெஸ்ட் சைட்' தொடரில் சமூகநல அலுவலகச் செயலாளர் ஜேன் ஃபாஸ்டராக வந்தார். நாடகத் தொடர் ஒன்றில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு நிலையான பாத்திரம் கிடைத்தது அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதுவே முதன்முறை. அக்காலத்தில் கறுப்பினப் பெண்கள் சுருள்முடியை நேராக்கிக்கொள்வதே வழக்கம். டைசனோ தம் முடியை ஒட்ட வெட்டி, இயல்பான சுருளுடனேயே திரையில் தோன்றினார். ஹார்லெமில் எலி கடித்து இறக்கும் கறுப்பினக் குழந்தையைப் பற்றிய ஒரு பகுதியை ஒளிபரப்பத் தென்மாநில நிலையங்கள் சில மறுத்தன. தொடர் ஓராண்டிலேயே நின்றுபோனது.

சவுண்டர்

மார்ட்டின் ரிட் இயக்கிய 'சவுண்டர்' (1972) திரைப்படத்தில், 1930களின் லூசியானாவில் வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பத்தின் தாய் ரெபெக்காவாக நடித்தார். பசியால் இறைச்சி திருடிய கணவன் சிறை செல்ல, பிள்ளைகளுடன் அறுவடையை முடிப்பவள் இவள். சிறையிலிருந்து நொண்டியபடி திரும்பும் கணவனை நோக்கி அவள் ஓடிவரும் காட்சியை மட்டும் பார்த்தாலே டைசனின் ஆற்றல் விளங்கும். குற்றக்கும்பல்களும் துப்பாக்கிகளும் நிறைந்த கறுப்பினப் படங்கள் வசூலைக் குவித்த ஆண்டுகள் அவை.

இப்படத்திற்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதே ஆண்டு டயானா ராசும் பரிந்துரைக்கப்பட்டார். இப்பிரிவில் கறுப்பினப் பெண்கள் இருவர் ஒரே ஆண்டில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. விருதை லைசா மினெலி பெற்றார். படத்தில் சிறுவன் தன் தந்தையை, தன் மகன் தன்னை அழைப்பது போலவே அழைத்தது வியப்பளித்ததாக வெள்ளையின நிருபர் ஒருவர் டைசனிடம் கூறினார். தம் தொழிலை இனி எதற்காகப் பயன்படுத்த வேண்டும் என்பதை அன்று முடிவு செய்ததாக டைசன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஜேன் பிட்மனும் பின்னரும்

ஆஸ்கர் பரிந்துரைக்குப் பின்னும் திரையுலகில் இவருக்கேற்ற வேடங்கள் அரிதாகவே வந்தன, தொலைக்காட்சியே கைகொடுத்தது. எர்னஸ்ட் கெய்ன்ஸின் புதினத்தைத் தழுவி 1974 இல் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படத்தில், அடிமையாகப் பிறந்து குடியுரிமைப் போராட்டக் காலம் வரை வாழும் ஜேன் பிட்மனாக நடித்தார். இளம்பெண் முதல் 110 வயது மூதாட்டி வரை இவரே. இறுதியில் மூதாட்டி கைத்தடியூன்றி மெல்ல நடந்துசென்று, வெள்ளையருக்கு மட்டும் உரிய குடிநீர்க்குழாயில் நீர் அருந்துகிறாள். இவ்வேடம் இரண்டு எம்மி விருதுகளைப் பெற்றுத்தந்தது.

'ரூட்ஸ்' (1977) தொடரில் குண்டா கிண்டேயின் தாயாகவும், 1978 இல் கொரெட்டா ஸ்காட் கிங், ஹாரியட் டப்மன் ஆகியோராகவும் நடித்தார். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிசை 1981 இல் மணந்து, 1989 இல் மணமுறிவு பெற்றார். 1994 இல் மூன்றாவது எம்மி கிடைத்தது. 'தி ட்ரிப் டு பவுண்டிஃபுல்' நாடகத்திற்காக 2013 இல் டோனி விருது பெற்றபோது இவருக்கு வயது 88. 2016 இல் விடுதலைக்கான அதிபர் பதக்கமும், 2018 இல் சிறப்பு ஆஸ்கரும் வழங்கப்பட்டன. சிறப்பு ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவரே. 'ஹவ் டு கெட் அவே வித் மர்டர்' தொடரில் வயோலா டேவிசின் தாயாகத் தொண்ணூறு வயதைக் கடந்தும் நடித்தார். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் கலைப்பள்ளி ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவரது தன்வரலாற்று நூல் 2021 ஜனவரி 26 அன்று வெளியானது. இரண்டு நாட்களுக்குப் பின் 96 ஆவது வயதில் காலமானார்.