பஞ்ச் ஃபேஸ் பெர்சியன் வாங்கும் முன்

சேலையூரிலும் மேடவாக்கத்திலும் அடுக்ககங்களில் குடியிருப்பவர்கள் பலருக்கு இப்போது பெர்சியன் பூனை மேல் ஆசை. சத்தம் போடாது, தெருவுக்கு ஓடாது, மடியில் படுத்துக்கொள்ளும். எல்லாம் உண்மைதான். ஆனால் ‘டால் ஃபேஸ்’, ‘செமி பஞ்ச்’, ‘பஞ்ச் ஃபேஸ்’ என்று விற்பவர்கள் விலையை ஏற்றும் வரிசையில், முகம் தட்டையாகத் தட்டையாகப் பூனையின் அவதியும் ஏறுகிறது.

மூக்கெலும்பு குறுகினாலும் உள்ளிருக்கும் சதை அதே அளவுக்குக் குறைவதில்லை. அதனால் மூச்சுவழி அடைபடுகிறது. கண்ணீர்க் குழாய் மடங்கிவிடுவதால் கண் ஓயாமல் வழிகிறது. கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டும் மதியம், கரண்ட் போய் அந்தப் பூனை வாய் திறந்து இரைத்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். குட்டியைப் பார்க்கப் போகும்போது ரோமத்தை விடுங்கள், மூக்குத் துவாரத்தைப் பாருங்கள். நன்றாகத் திறந்திருக்கிறதா, வெறும் கீறலாக ஒட்டியிருக்கிறதா? தூங்கும்போது குறட்டை கேட்கிறதா? கண்ணோரம் பழுப்புக் கறை இருக்கிறதா? பெர்சியன்தான் வேண்டும் என்றால் மூக்கு வெளியே தெரியும் டால் ஃபேஸ் போதும்.

பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோயும் இந்த இனத்தில் அதிகம். தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. டி.என்.ஏ. பரிசோதனையில் தெரிந்துவிடும். பெற்றோரின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

தினமும் சீப்பு போட நேரமில்லாத வீட்டுக்கு இந்தப் பூனை வேண்டாம். நான்கு நாள் விட்டால் அக்குளிலும் அடிவயிற்றிலும் முடி சடை பிடித்து, தோலை இழுத்து வலிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சைத் தொற்று வந்தால் பிள்ளைகளுக்கும் படர்தாமரையாக ஒட்டும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம், முடியை வெட்டினால் போகாது. இன்னொன்று: காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

2018 செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பில், தடுப்பூசி அட்டை, விற்பவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நோயை மறைத்து விற்றிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம். வேறு ஊரில் வாங்கியிருந்தாலும், தாம்பரத்தில் குடியிருப்பவர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. போட்டோவைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஏமாந்த முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

அடுக்ககச் சங்கம் பூனையே கூடாது என்றால், செல்லப்பிராணிகளுக்குத் தடை போட அதற்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. பால்கனிக்கு வலை அடிப்பது உங்கள் பொறுப்பு.

வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாதீர்கள். பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960 வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். சடை பிடித்த, மூச்சுத் திணறும் பூனை முடிச்சூர் தெருவில் ஒரு வாரம்கூடத் தாங்காது. விற்றவரிடமே திருப்பித் தரப் பேசுங்கள், அல்லது வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் விலங்குக் காப்பகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பூனைதான் வேண்டும், இனம் முக்கியமில்லை என்பவர்களும் அங்கே விசாரிக்கலாம். நம் நாட்டுப் பூனைக்கு இந்த வெயிலும் பழக்கம், மூக்கும் ஒழுங்காக இருக்கிறது.