பார்வர்டு பண்ணும் முன் யோசி!



அம்மா போன், அண்ணன் போன் என்று வாங்கி நாமும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பார்க்கிறோம். இது நல்லதா, கெட்டதா? பட்டிமன்றமே வைக்கலாம்.

நன்மை: 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. எந்தத் தெருவுக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று பேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட ஓடி வந்து உதவினார்கள்.

தீமை: 2018 மே மாதம் "பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அப்போது திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பக்கம் ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்தது. அதில் இருந்த பாட்டி, வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான்! பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊரே கூடி அடித்தது. பாட்டி இறந்துவிட்டார். கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம்.

நம்ம பாட்டியும் வெளியூர் போனால் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பாங்கதானே?

அடித்தவர்கள் கொஞ்சம் பேர். அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எத்தனை பேரோ! "நம்ம பிள்ளைங்க பத்திரமா இருக்கட்டும்" என்று நல்ல மனசோடுதான் பலரும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் விசாரிக்கவில்லை.

அதே ஆண்டு ஒரு வீடியோவும் பரவியது. பைக்கில் வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். உண்மையில் அது பாகிஸ்தானில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்ப விடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்!

2018 ஜூலையில், ஒரே நேரத்தில் 5 பேருக்கு (அல்லது குழுக்களுக்கு) மேல் பார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் மாற்றியது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் 5 பேருக்கு, அவர்கள் ஆளுக்கு 5 பேருக்கு... 5, 25, 125, 625, 3125! ஐந்தே படியில் இவ்வளவு பேர். நான் நிறுத்தினால் என் கிளை அங்கேயே நின்றுவிடும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்று பாருங்கள். இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.
2. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. ஜாக்கிரதை!
3. சந்தேகம் என்றால் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கேளுங்கள்.
4. முகம் தெரியாதவருக்குப் போட்டோ, ஓ.டி.பி. கொடுக்காதீர்கள். யாராவது மிரட்டினால் பயந்து மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றத்துக்கு 1930.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இந்தப் பழமொழி செல்போனுக்கும் பொருந்தும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி