உடம்பு சொல்லும் துயரம்

போரினால் பாதிக்கப்பட்ட எமது பெண்கள் ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று சொல்வது குறைவு. ‘நெஞ்சு பதறுது’, ‘பெருமூச்சாய் வருது’, ‘தலையிடி விடுகுதில்லை’, ‘மேலெல்லாம் நோகுது’ என்றுதான் சொல்வார்கள். வன்னிக் கிராமங்களில் சமூகப் பணியாளராக இருக்கும் நான் நாளாந்தம் கேட்கும் சொற்கள் இவை.

காணாமற்போன கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஆஸ்பத்திரியில எல்லாம் சோதிச்சுப் பாத்திட்டினம் பிள்ளை. ஒண்டுமில்லையாம். அப்ப நான் பொய்யே சொல்லுறன்?”

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உடம்பும் பொய் சொல்லவில்லை.

ஆபத்து வரும்போது இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு மேலோட்டமாகும். தோளும் வயிறும் இறுகும். ஓடுவதற்கும் ஒளிப்பதற்கும் உடம்பு செய்யும் ஆயத்தம் இது. ஷெல் விழுந்த நாட்களில் எம்மைப் பதுங்குகுழிக்கு ஓட வைத்ததும் இதுதான். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் பலருடைய உடம்பில் அந்த ஆயத்தம் இன்னும் முடியவில்லை. கதவு அடிபடும் சத்தம் போதும், பழைய பதற்றம் திரும்பிவிடும். ‘எல்லாவற்றையும் மறந்துவிடு’ என்ற புத்திமதி பலிக்காததற்கும் இதுவே காரணம்.

ஆகவே பேச்சோடு உடம்பையும் சேர்த்து ஆற்றும் உளவளத்துணை எமக்குத் தேவைப்படுகிறது. இது எமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், தசைத் தளர்வுப் பயிற்சி என்பவற்றைச் சிகிச்சையோடு இணைத்தார். மந்திரம், செபமாலை, திக்ர் என அவரவர் சமய வழக்கத்துக்கும் அதில் இடமிருந்தது. மனவடு உடம்பிலும் தங்குகிறது என்பதை விளக்கி, உளமருத்துவர் பெசல் வான் டெர் கொல்க் 2014இல் வெளியிட்ட நூல் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது.

இவ்வகை உளவளத்துணையில், நடந்ததை முழுவதும் சொல்லும்படி யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ‘இதைச் சொல்லும்போது உடம்பில் எங்கே தெரிகிறது?’ என்று கேட்பார்கள். நடுக்கம் வந்தால் கதையை நிறுத்தி, உடம்பு அமைதியடைந்த பிறகே தொடர்வார்கள். எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். உங்கள் அனுமதியின்றி உங்களைத் தொடக்கூடாது.

வீட்டிலும் சிலவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. பாதங்கள் இரண்டையும் நிலத்தில் பதித்து இருங்கள். பாதத்தின் கீழ் நிலம் இருப்பதை உணருங்கள். சுற்றிப் பார்த்து, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள்.

2. மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்த நேரத்தை விடக் கூடிய நேரம் எடுத்து வெளியே விடுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். ஐந்தாறு தடவை போதும்.

3. கைகளை இறுகப் பொத்திப் பிடித்து, பின்னர் மெல்ல விடுங்கள். தோள்களையும் உயர்த்தி அவ்வாறே தளர விடுங்கள்.

கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருகின்றனவா? திறந்தபடியே செய்யுங்கள். பயம் கூடினால் நிறுத்திவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் தந்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

‘நான் நிம்மதியாய் நித்திரை கொண்டால் அவரை மறந்தமாதிரி ஆகிவிடாதா?’ என்று சில சகோதரிகள் தயங்குகிறார்கள். அப்படி ஆகிவிடாது. காணாமல் ஆக்கப்பட்டவர் எங்கே என்ற கேள்விக்கு எந்தப் பயிற்சியும் பதிலாகாது. அந்தப் பதிலைக் கேட்பது உங்கள் உரிமை. தொடர்ந்து கேட்பதற்கும், பிள்ளைகளை ஆளாக்குவதற்கும் உடம்பில் பலம் வேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து இருந்து இவற்றைச் செய்து பாருங்கள். தனியே செய்வதை விடத் துணையோடு செய்வது இலகு.