கராகுல்ல தலைவலி வந்தா எந்தப் பக்கம் இறங்குறது?

பாமீர் நெடுஞ்சாலையில தனியா சைக்கிள் பயணம்னு சொன்னதும் எல்லாரும் கேட்டது, "கால் தாங்குமா?" தாங்கும்ங்க. முடியலைன்னா இறங்கித் தள்ளலாம். நான் கணக்குப் போட்டது, ராத்திரி எந்த உயரத்துல தூங்குறோம்னுதான்.

3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, தூங்குற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இது மலையேறுபவர்களின் பொதுவான விதி. கிர்கிஸ்தானின் சாரி-தாஷ் கிட்டத்தட்ட 3,170 மீட்டர். தஜிகிஸ்தானுக்குள்ள இருக்குற கராகுல் ஏரி 3,900. அதனால சாரி-தாஷ்ல கூடுதலா ரெண்டு ராத்திரி தங்கினேன்.

உயர நோய் முத்தினா முக்கியமான மருந்து: உடனே கீழ இறங்கணும். ஆனா கராகுல் ஒரு கிண்ணம் மாதிரி. வடக்கே கிசில்-ஆர்ட் கணவாய் 4,280, தெற்கே அக்-பைட்டல் 4,655. இறங்கணும்னாலும் முதல்ல ஏறணும்!

மூளை வீங்க ஆரம்பிச்சா நடை தள்ளாடும், புத்தியும் மந்தமாகும். நமக்கே தெரியாது, சொல்றதுக்குப் பக்கத்துல ஆளும் கிடையாது. அதனால தினமும் சாயங்காலம் குதிகாலை மறு கால் விரல்ல ஒட்டி, நேர்கோட்டுல நடந்து பார்ப்பேன். தடுமாறினா ஏற்றம் கிடையாது, சைக்கிளை லாரியில போட்டுக் கீழ இறங்குறதுன்னு சாரி-தாஷ்லயே முடிவு பண்ணிட்டேன். கராகுல்ல அப்படி நடந்தப்போ ரெண்டு பசங்க என் பின்னாடியே நடந்து காட்டினாங்க. அவங்க என்னைவிட நேரா நடந்தாங்க.