இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

ரயில்வே சிக்னல் பிரிவில் 38 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்றபின் ஹாயாக இருக்கலாம் என்று பார்த்தால், மகன் ஜெர்மனிக்குப் புறப்படும்போது தன் கம்ப்யூட்டரை என் தலையில் கட்டிவிட்டு, "அப்பா, இனி இது உங்க பொறுப்பு" என்று போய்விட்டான். ராஸ்தா பேட்டில் எங்கள் வீட்டு டி.வி. மேஜைக்கு அடியில் அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெட்டி ஒன்றுதான். ஆனால் உள்ளே ஐந்து கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஒன்று குடும்பப் புகைப்படங்களைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்று பழைய சினிமாக்களை டி.வி.க்கு அனுப்புகிறது, ஒன்று பேத்தி புரோகிராம் எழுதிப் பழகுவதற்கு. இதற்கு வர்ச்சுவலைசேஷன் என்று பெயர். புது வித்தை என்று நினைக்க வேண்டாம். ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே தன் பெரிய இயந்திரங்களுக்காக வி.எம்./370 என்று ஒன்றை வெளியிட்டது. எங்கள் பெட்டியில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. நம் சங்க அன்பர்கள் சிலர் வீட்டிலும் பிள்ளைகள் இப்படி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பதாகக் கேள்வி. ஆகவே எந்த டிஸ்க், எத்தனை டிஸ்க் என்ற விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில்தான் வைத்திருந்தோம். புகைப்படம் பார்த்தால் சினிமா நிற்கும். சினிமா ஓடினால் பேத்தி, "தாத்தா, தூங்கிடுச்சு" என்பாள். காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றினாலும், அதன் முள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய் உட்கார நேரம் பிடிக்கும். ஒரு விநாடியில் சுமார் நூறு தடவைதான் அப்படித் தாவ முடியும். ஐந்து வண்டிக்கு ஒரே ஷண்டிங் எஞ்சின் என்றால் யார்டு என்ன ஆகும்? எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. பல்லாயிரம் தடவை தாவும். ஆகவே ஐந்து கம்ப்யூட்டர்களும் குடியிருக்க ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. இரண்டு, புகைப்படம், சினிமா போன்ற பெரிய மூட்டைகளுக்கு எட்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு என்று பிரித்தோம். எட்டு என்று வாங்கி வந்தால் திரையில் 7.27 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

ஏன் இரண்டிரண்டு? ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும்; ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும் இந்த முறைகளுக்கு ரெய்டு என்று பெயரிட்டு, 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் கட்டுரை வெளியிட்டார்கள். ரயில்வேக்காரனுக்கு இது இரட்டைப் பாதை. ஒரு பாதை அடைபட்டால் மற்றதில் தற்காலிகமாக ஒற்றைப் பாதை ஓட்டம் நடத்துவோம். அதுவரை எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். இங்கேயும் அதே கதைதான். புது டிஸ்கைப் போட்டு எட்டு டெராபைட்டையும் நகல் எடுக்க, விநாடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் போனாலும் 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மிஞ்சிய டிஸ்க் தனியாகத் தாங்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினால், இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படுத்துவிடும் அபாயம் உண்டு. நான் ஒன்றைத் தப்கீர் கல்லியிலும், மற்றதை நாலு மாதம் கழித்து வேறு கம்பெனி சரக்காக வேறிடத்திலும் வாங்கினேன்.

வாங்கும்போது எஸ்.எம்.ஆர். ரகமா, சி.எம்.ஆர். ரகமா என்று கட்டாயம் கேளுங்கள். எஸ்.எம்.ஆர். என்றால் ஓடு வேய்ந்ததுபோல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் சற்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் உள்ளதையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா சேர்த்து வைக்கப் பரவாயில்லை, ரெய்டுக்கு ஆகாது. பெட்டி மேல் எழுதாமலே விற்றார்கள் என்று 2020-ல் பெரிய சர்ச்சையே நடந்தது.

இவ்வளவும் செய்துவிட்டு, இனி கவலையில்லை என்று இருந்தேன். என் அம்மா 1993-ல் புனே வந்திருந்தபோது, தாலாட்டும் ஊஞ்சல் பாட்டுமாகப் பதினான்கு பாட்டுகளை டேப்ரிக்கார்டரில் பாடிப் பதிவு செய்திருந்தேன். மகன் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், பூஞ்சை பிடித்த கேசட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. ஒரு மத்தியானம் இரட்டிப்பாக இருந்த கோப்புகளைக் களைந்துகொண்டிருந்தவன், அம்மா பாட்டு இருந்ததையும் இரட்டிப்பு என்று நினைத்து அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்கும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து அதே கணத்தில் அழித்தன. பழைய நிலையை இடையிடையே பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருக்கிறது. நான் அதை இயக்கவே இல்லை. பதினான்கில் மூன்று பாட்டு மட்டும் திரும்பக் கிடைத்தது. திருச்சியில் இருக்கும் தங்கைக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், அதனால்.

ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டியில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2003 ஜனவரி 8 அன்று இங்கே லா காலேஜ் ரோட்டில், ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வளாகக் கிடங்கில் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அலமாரி எத்தனை இருந்து என்ன? வேறு கட்டடத்தில் பிரதி இருந்த படம்தான் பிழைக்கும்.

இப்போது தனியாக இரண்டு வெளி டிஸ்க் வாங்கியிருக்கிறேன். ஒன்று என் வீட்டில், ஒன்று நிக்டியில் மகள் வீட்டுப் பீரோவில். சினிமா போனால் போகட்டும் என்று புகைப்படமும் குரலும் மட்டும் நகல் எடுக்கிறேன். வியாழக்கிழமை மின்தடைக்காக ஒரு யு.பி.எஸ். உண்டு, பாட்டரி தீரும் முன் பெட்டிக்குச் சொல்லி முறையாக நிறுத்திவிடும். ரிலே ரூம் பாட்டரியைப் பார்த்துப் பழகியவனுக்கு அது ஒன்றுதான் முதலிலேயே தோன்றியது.

மாதத்தின் முதல் ஞாயிறு லோனாவாலா லோக்கலில் ஆகுர்டி வரை போய், ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வருகிறேன். துண்டில் சுற்றி, சாம்பார்ப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான். "அப்பா, பொடி சிந்தினா என்ன ஆகும்?" என்று போன தடவை மகள் கோபித்துக்கொண்டாள். அடுத்த முறைக்குத் தனிப் பை தைத்து வைத்திருக்கிறாளாம்.