ஒட்டாத சட்டியும் கூண்டுப் பறவையும்



இந்தப் பிரசுரத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் சரிதான். குடும்ப நலம் என்றால் கருத்தடை, தடுப்பூசி, சத்துணவு என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இந்தத் தடவை அடுப்பின் மேல் இருக்கும் தோசைக்கல்லைப் பற்றியும், விட்டத்தில் தொங்கும் கூண்டைப் பற்றியும் பேசலாம் என்றிருக்கிறேன். காரணம் இருக்கிறது.

ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியரோடு போயிருந்தேன். வீட்டில் சண்டை நடந்து முடிந்த அமைதி. திண்ணையில் ஒரு கூண்டு காலியாகக் கிடந்தது.

"ஏம்மா, கூண்டு காலியா இருக்குது?" என்றேன்.

"நேத்துக் காலையில நாலும் போயிருச்சுங்க" என்றார் அந்தப் பெண்.

நான்கும் லவ் பேர்ட்ஸ். மூத்த பெண் குழந்தைக்காகச் சந்தையில் வாங்கியவை. கண்ணு பட்டுப்போச்சு என்றார் மாமியார். தண்ணீர் வைக்க மறந்துவிட்டாள் என்றார் கணவர். நான் கூண்டைப் பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணம் முக்கால்வாசி நிறைந்தே இருந்தது. தினையும் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்தேன். தீபாவளிச் சீட்டில் அவர்களுக்கு ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் கிடைத்திருந்தது. அன்று காலை அதைப் பெரிய தீயில் வைத்திருக்கிறார். வேப்ப மரத்தில் கட்டிய தூளியில் குழந்தை வீரிட்டு அழவே ஓடியிருக்கிறார். கணவர் கரண்ட் வந்ததென்று மோட்டார் போடப் போயிருக்கிறார். கால் மணி நேரம் கல் வெறுமனே காய்ந்திருக்கிறது. கூண்டு தொங்கியது சமையலறை நிலைப்படியில். கணவர் திரும்பி வந்து அடுப்பை அணைத்தபோது இரண்டு பறவைகள் கீழே விழுந்து கிடந்தன. மற்ற இரண்டும் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கி, மதியத்துக்குள் போய்விட்டன. கணவருக்கு அன்று இரவு குளிர்க்காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். மறுநாள் சரியாகிவிட்டது. அதையும் இதையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

செத்த பறவையை அறுத்துப் பார்க்கவில்லை. ஆகையால் இதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எல்லா அறிகுறிகளும் ஒன்றுக்கே பொருந்துகின்றன. அந்தப் பெண் மேல் போட்ட பழிக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை.

நடப்பது என்ன என்று சொல்கிறேன். நான்ஸ்டிக் பாத்திரத்தின் மேலே கறுப்பாகப் பூசியிருப்பது பெரும்பாலும் டெஃப்லான் என்று நாம் சொல்லும் ஒருவகைப் பிளாஸ்டிக். 1938-ல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க ரசாயன அறிஞர் வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தார். 1950-களில் பிரான்ஸ் நாட்டில் மார்க் கிரகுவார் என்பவர் அதைச் சமையல் சட்டியில் ஒட்டவைக்க வழி கண்டார். சாதாரணச் சூட்டில் அது எதோடும் சேராது, யாரையும் ஒன்றும் செய்யாது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். தோசை வார்ப்பது சுமார் 200 டிகிரியில். அதுவரை கவலையில்லை. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கிறது. மேலும் சூடேற ஏற அதிலிருந்து விஷவாயுவும், கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்களும் கிளம்புகின்றன. சட்டியில் மாவோ குழம்போ இருந்தால் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். ஒன்றுமில்லாமல் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும்.

காஸ் கசிந்தால் நாற்றம் அடிக்கும், நமக்குத் தெரிந்துவிடும். நாற்றம் தெரிய வேண்டும் என்றே அதில் ஒரு பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். இந்த வாயுவில் அப்படி ஒன்றுமில்லை. பெரும்பாலும் நிறமும் தெரியாது, வாடையும் தெரியாது. இதுதான் அபாயம்.

சரி, மனிதனுக்குக் காய்ச்சலோடு போவது பறவையின் உயிரையே ஏன் வாங்குகிறது? நாம் மூச்சை இழுத்து, அதே வழியில் வெளியே விடுகிறோம். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரலில் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சவ்வு நம்முடையதைவிட மிக மெல்லியது. பறப்பதற்கு அவ்வளவு பிராணவாயு வேண்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு. நல்ல காற்றை அவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிற உடம்பு, கெட்ட காற்றையும் அதே வேகத்தில் உறிஞ்சிவிடுகிறது. நுரையீரலில் ரத்தமும் நீரும் கோத்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ பறவை இறந்துவிடும். உடம்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம்.

இந்தக் குணத்தைத் தெரிந்துதான் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரி என்ற சிறு பறவையைக் கூண்டோடு எடுத்துப் போனார்கள். பறவை தள்ளாடினால் விஷக்காற்று இருக்கிறது என்று ஆட்கள் வெளியே ஓடுவார்கள். 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. உங்கள் வீட்டுக் கூண்டும் ஒருவகையில் அப்படித்தான். அந்தப் பறவை சுவாசிப்பது உங்கள் கைக்குழந்தை சுவாசிக்கும் அதே காற்று.

மனிதருக்கு வருவது, அந்தக் கணவருக்கு வந்ததுபோல, சில மணி நேரம் கழித்துக் குளிர்க்காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், உடம்பு வலி. சாதாரணமாக ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சின்னக் குழந்தைகளும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். யோசனை மட்டும் கேட்க 104 இருக்கிறது.

"எங்க ஊட்ல கிளியுமில்ல, குருவியுமில்லீங்க, கோழிதான்" என்று சிலர் சொல்வது கேட்கிறது. கோழியும் பறவைதானே! அதுவும் முட்டைக்கும் கறிக்கும் பேர்போன நம் மாவட்டங்களில் இதைச் சொல்லாமல் விட முடியாது. புழக்கடையில் மேயும் கோழிக்குத் தவா புகையால் ஆபத்தில்லை, திறந்தவெளிக் காற்று கலைத்துவிடும். ஆனால் குளிர்காலத்தில் குஞ்சுகளைக் கொடாப்புக்குள் போட்டு, பூனைக்குப் பயந்து சமையலறை மூலையில் வைக்கிறோமே, அந்தக் குஞ்சுகளை நினைத்துச் சொல்கிறேன். இன்னொன்று, குஞ்சுக்குச் சூடு கொடுக்க பல்பு போடுகிறவர்கள் கவனிக்கவும். சிலவகை வெப்ப பல்புகளில், உடைந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்க இதே பூச்சைப் பூசியிருப்பார்கள். அப்படிப்பட்ட பல்புகளால் அமெரிக்காவில் கோழிக்குஞ்சுகள் கூட்டமாகச் செத்திருக்கின்றன. சிதறாத பல்பு என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தால் குஞ்சுக்கு அது வேண்டாம். சாதாரணக் குண்டு பல்பு போதும், விலையும் குறைவு.

அதற்காகக் கோழி செத்தால் உடனே தோசைக்கல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். நம் பக்கம் கோழிகள் கொத்தாகச் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, நாட்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதற்குத் தடுப்பூசி உண்டு, கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தவா புகை அப்படியில்லை. காலையில் நன்றாக இருந்த பறவைகள் ஒரே நேரத்தில், ஒரே அறையில், வாய் பிளந்து, வால் மேலும் கீழும் ஆட மூச்சு வாங்கி விழும்.

இனி என்ன செய்வது? காசு செலவில்லாததை முதலில் சொல்கிறேன்.

கூண்டை இடம் மாற்றுங்கள். இதற்கு ஒரு ஆணியும் ஒரு கயிறும் போதும். திண்ணை, தாழ்வாரம், முன் வாசல் எதுவானாலும் சரி, சமையலறையிலும் அதை ஒட்டிய நிலைப்படியிலும் வேண்டாம். எந்த இடம் நல்லது என்று தெரியாவிட்டால் விறகடுப்பைப் பற்றவைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் கூண்டு கூடாது. ஒரே அறையுள்ள தொகுப்பு வீட்டில் இருக்கிறவர்கள் சமைக்கும் நேரத்திலாவது கூண்டை வெளியே மாட்டுங்கள். பூனை எட்டாத உயரம் வேண்டும். சித்திரை வெயில் நேரே படாத நிழல் வேண்டும். ராத்திரியில் பழைய வேட்டி ஒன்றால் மூடினால் போதும்.

அடுத்தது பழக்கம். நம் தாய்மார்கள் இரும்புக் கல்லைப் பெரிய தீயில் காயவைத்து, தண்ணீர் தெளித்து, அது முத்தாக உருண்டு ஓடுகிறதா என்று பார்த்துப் பழகியவர்கள். இரும்புக்கு அது சரி. அதே கையோடு நான்ஸ்டிக் கல்லையும் காயவைக்கிறோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. நான்ஸ்டிக் என்றால் தீ சிறியதாக இருக்கட்டும். முதலில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பிறகு அடுப்பில் வையுங்கள். எண்ணெய் புகைந்தால் சூடு மிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், தீயைக் குறையுங்கள். குழந்தை அழுதாலும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும், அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். தீக்குச்சி ஒன்று கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். விறகடுப்பில் நான்ஸ்டிக்கை வைக்கவே வேண்டாம், அந்தத் தீ நம் சொல் கேட்காது.

இந்த இடத்தில் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. கல் காய்ந்துகொண்டிருக்கும்போது குழந்தை அழுதால் ஒருவர் குழந்தையைப் பார்க்கலாம், ஒருவர் அடுப்பைப் பார்க்கலாம். மோட்டார் இரண்டு நிமிடம் பொறுக்கும்.

பூச்சு கீறி உரிந்துபோன தவாவைப் பற்றியும் கேட்கிறார்கள். உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் வெளியே போய்விடும், பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒட்டாமல் இருக்கத்தானே அதை வாங்கினோம்? ஒட்ட ஆரம்பித்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன பயன்? பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்.

தப்பித் தவறி நேர்ந்துவிட்டால், முதலில் அடுப்பை அணையுங்கள். குழந்தைகளையும் கூண்டையும் வெளியே கொண்டு போங்கள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து விடுங்கள். பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கையில் பிடித்துத் தடவிக்கொடுக்கவும் வேண்டாம், நிழலில் சும்மா விடுங்கள். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. நல்ல காற்றும், கிடைத்தால் மருத்துவர் கொடுக்கும் பிராணவாயுவும்தான் வைத்தியம். பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ எடுத்துப் போகலாம். நான்ஸ்டிக் காய்ந்தது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொன்னால்தான் மருத்துவருக்கு விளங்கும்.

கொசுவர்த்தி, சாம்பிராணி, பூச்சி உருண்டை, புது பெயின்ட் இவையும் கூண்டுக்குப் பக்கத்தில் ஆகாதவை. விறகுப் புகையும்தான். அது பறவையோடு நிற்பதில்லை, சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா வருவதற்கும் அடுப்பு ஊதும் பெண்களின் நுரையீரல் கெடுவதற்கும் காரணமாகிறது. அதைத் தனியே ஒரு பிரசுரத்தில்தான் எழுத வேண்டும். பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். அதைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். லவ் பேர்ட்ஸ் நம் நாட்டுப் பறவை அல்ல, அதற்கு அந்தத் தடை இல்லை.

கடைசியாக, பணம் செலவழிப்பதாக இருந்தால் எதற்குச் செலவழிப்பது? என் எண்ணத்தில் இரும்புத் தோசைக்கல்தான். பரணில் மாமியாரின் பழைய கல் கிடந்தால் அந்தச் செலவும் இல்லை. ஒரு கல் இரண்டு தலைமுறைக்கு வரும், பூச்சு உரியும் என்ற பேச்சே கிடையாது. குழம்புக்கு எவர்சில்வரும் மண்சட்டியும் நம் சேலத்துக் கல்சட்டியும் இருக்கவே இருக்கின்றன. இரும்பில் சமைத்தால் கொஞ்சம் இரும்புச் சத்தும் உணவில் சேரும், சோகை உள்ள பெண்களுக்கு நல்லது. அதற்காக, கர்ப்பிணிகள் செவிலியர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

"இரும்புக் கல்லுல ஒட்டுதுங்க, அதனாலதான் இது வாங்கினோம்" என்று ராசிபுரத்துப் பெண்ணும் சொன்னார். கல்லைப் பழக்காததுதான் காரணம். துருவை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வையுங்கள். தண்ணீரை மாற்றி இன்னும் இரண்டு நாள். பிறகு துடைத்துக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சிறு தீயில் சூடாக்கி ஆறவிடுங்கள். கொஞ்சம் புகையும், ஆகையால் புழக்கடை அடுப்பில் செய்யுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்து, ஒரு வெங்காயத்தைப் பாதியாக அரிந்து அதனாலேயே எண்ணெயைத் தேய்த்து வதக்கி எடுத்தால் கல் பழகிவிடும். சோப்புப் போட்டுத் தேய்க்காமல் துணியால் துடைத்து வையுங்கள். முதல் இரண்டு தோசை பிய்ந்துதான் வரும். அதைக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.