கற்பனை உலகின் தெய்வங்களும் விழாக்களும்
மேசை வகிபாக விளையாட்டுகளில் சமயப் புனைவு: ஓர் அறிமுக நோக்கு

சமயங்கள் வானிலிருந்து இறங்கியவையல்ல; சமுதாய வாழ்விலிருந்து தோன்றியவை என்பது சமூகவியலாளர் பலருக்கும் உடன்பாடான கருத்தாகும். எனினும், அத்தோற்றம் பன்னெடுங் காலமாகப் பெயரறியாப் பலரின் கூட்டு முயற்சியாக நிகழ்ந்தமையால், அதனை நேரிற் காணும் வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிட்டுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி இன்று பல நாடுகளிலும் பரவியுள்ள மேசை வகிபாக விளையாட்டிலோ, சிலர் ஒன்றுகூடி, அறிந்தே சமயங்களையும் விழாக்களையும் புனைகின்றனர். வெறும் பொழுதுபோக்கு என இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், சமயம் பற்றி ஒருவர் உண்மையிற் கொண்டுள்ள எண்ணங்கள், அவர் விளையாட்டாகப் படைக்கும் சமயத்தில் மறைப்பின்றி வெளிப்படுகின்றன. இதனாலேயே இப்பொருள் நம் கவனத்துக்கு உரியதாகின்றது.

இவ்விளையாட்டின் இயல்பை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். 1974ஆம் ஆண்டிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முதலாவதாக வெளியிடப்பட்டது. நடத்துநர் ஒருவர் கற்பனை உலகொன்றை விவரிக்க, ஏனையோர் அவ்வுலக மாந்தராகத் தம்மைப் பாவித்து, தாம் செய்வனவற்றைச் சொல்லிச் செல்வர். ஐயத்துக்குரிய செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். மேடையுமில்லை, பார்வையாளருமில்லை. ஒரே கதை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கிலும் தொடர்வதால், அவ்வுலகுக்கு அரசும் வணிகமும் போலச் சமயமும் வேண்டியதாகின்றது.

இத்தேவை தொடக்கத்தில் மிக எளிய முறையிலேயே நிறைவேற்றப்பட்டது. முதல் விதிநூல்களில் மந்திர ஆற்றலுடைய மதகுரு என்னும் பாத்திர வகை இருந்தது. அவர் வழிபடும் தெய்வங்களின் விவரம் இருக்கவில்லை. 1976இல் றொபேட் குன்ட்ஸ், ஜேம்ஸ் வார்ட் ஆகியோர் ஆக்கிய துணைநூல் இக்குறையை நிரப்ப முற்பட்டு, எகிப்து, கிரேக்கம், இந்தியா முதலிய நாடுகளின் தெய்வங்களைப் பட்டியலிட்டது. ஒவ்வொரு தெய்வமும் எத்துணைத் தாக்குதலைத் தாங்கும் என்பதும் எண்களாற் குறிக்கப்பட்டது. 1980இல் வெளியான விரிவான நூலிலும் இதே முறை தொடர்ந்தது. இன்றும் மக்கள் விளக்கேற்றி வழிபடும் காளியும், பழைய கோயில்கள் இடிபாடாகிவிட்ட ஒலிம்பியத் தெய்வங்களும் ஒரே அளவுகோலுக்கு உட்பட்டனர். இங்கு அவமதிப்பு என்பது இரண்டாம் நிலைப் பிரச்சினையே. தெய்வம் அதனை வழிபடும் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டமையே அடிப்படைக் குறைபாடாகும். உழுவோரும், நேர்பவரும், காணிக்கை பெறுவோரும் அற்ற தெய்வம் பெருவலி படைத்த விலங்காக மட்டுமே எஞ்சும்.

இதற்கு மாறான நெறியைக் கிறெக் ஸ்ராஃபேட் (1948–2018) வகுத்தார். 1966இல் கல்லூரி மாணவராயிருந்தபோது அவர் எழுதத் தொடங்கிய 'குளோறந்தா' என்னும் உலகு, 1975இல் பலகை விளையாட்டொன்றின் வாயிலாகவும், 1978இல் 'றூன்குவெஸ்ற்' என்னும் வகிபாக விளையாட்டின் வாயிலாகவும் வெளிப்பட்டது. 1979இல் ஸ்ரீவ் பெரினுடன் இணைந்து அவர் ஆக்கிய 'கல்ட்ஸ் ஒஃப் பிறாக்ஸ்' ஒவ்வொரு வழிபாட்டையும் சீரான தலைப்புகளின்கீழ் விளக்குகின்றது. ஐதீகம், கோயில் அமைப்பு, திருநாள்கள், சாதாரண அடியாரின் கடமை, தீட்சை பெற்றோரின் கடமை என்பவற்றோடு, அவ்வழிபாட்டின் சமூக அரசியல் நிலையும் அது தொடர்ந்து நிலைபெறுவதற்கான காரணமும் தனித்தனியே கூறப்படுகின்றன. 'இத்தெய்வத்தின் ஆற்றல் யாது?' என்னும் வினாவின் இடத்தை, 'இவ்வழிபாடு எவருடைய எத்தேவையை நிறைவு செய்கின்றது?' என்னும் வினா பெறுகின்றது. இது சமூகவியல் வினாவாகும்.

குளோறந்தாவின் மையக் கதையும் இவ்வகையிலே குறிப்பிடத்தக்கது. புயல் தெய்வமான ஓர்லந், பேரரசனாகிய சூரியத் தெய்வம் யெல்மைக் கொன்றான். உலகை இருள் சூழ்ந்தது. பின்னர் அவனே துணைவருடன் பாதாளஞ் சென்று, சமாதானஞ் செய்து, ஒளியை மீட்டான். குன்றுவாழ் குடிகளுக்கு இது கொடுங்கோன்மை வீழ்ந்த கதை. தன் பிழைக்குப் பொறுப்பேற்ற வீரனின் கதை. சூரிய வழிபாட்டினருக்கோ அது கலகக்காரன் ஒருவனின் கொலைபாதகம். ஒரு நிகழ்ச்சி ஆள்வோர் வாயிலும் ஆளப்படுவோர் வாயிலும் வெவ்வேறு ஐதீகமாகும் என்ற உண்மை இங்கு விளையாட்டின் உயிர்நிலையாக அமைகின்றது.

ஆய்வாளர் தம்மைத் தாமே கண்டுகொள்ளத்தக்க பகுதியொன்றும் இவ்வுலகில் உண்டு. 'கோட் லேனர்ஸ்' எனப்படும் அறிஞர் கூட்டத்தார் எல்லா ஐதீகங்களையும் ஒப்பிட்டு ஒரே பொது ஐதீகமாகச் சுருக்கினர். தானியத் தேவியர் யாவரும் ஒருவரே எனக் கருதி, இரு நாடுகளின் தேவியரை இடமாற்றினர், விளைவு பஞ்சமாயிற்று. ஒப்பியல் ஆய்வு வேண்டத்தகாதது என்பதன்று இதன் பொருள். மண்ணையும் உழைப்பையும் நீக்கிவிட்டுச் செய்யும் ஒப்பீடு வாழ்வோரைக் காணத் தவறும் என்பதே.

விழாக்களைப் பொறுத்தவரை, புனைவோர் முதலில் அமைத்துக்கொள்ள வேண்டியது நாட்காட்டியாகும். குளோறந்தாவின் ஆண்டு 294 நாள்களைக் கொண்டது. 56 நாள் கொண்ட பருவங்கள் ஐந்து. எஞ்சிய 14 நாள்கள் புனித காலம். அந்நாள்களில் மக்கள் உலகத் தோற்றத்தை மீள நிகழ்த்தி, வரும் ஆண்டை உறுதிசெய்கின்றனர். சடங்கு தவறின் உலகே நலிவுறும் என்பதால், விழா கதைக்கு அலங்காரமாக நின்றுவிடாது, கதையையே இயக்குகின்றது.

இம்முறையினை எளிய எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். உப்பளத்தை நம்பி வாழும் கற்பனைத் துறைமுகமொன்றைக் கொள்வோம். மழைக்கு முன் உப்புக்குவியலை மூடும் நாளே அங்கு பெருவிழா. அரண்மனையின் அளவைக்கலம் வெள்ளிப் பூண் அணிந்து ஊர்வலம் வரும். 'கடலன்னை அரசனுக்கு அளித்த கலம்' என்பது பூசகர் கூற்று. உப்பு வாருவோர் மத்தியிலோ, 'அன்னை அளித்த கலம் சிறியது. பின்னரே அது பெருத்தது' என்றொரு பாட்டு வழங்குகின்றது. விழாவன்று மட்டும் அப்பாட்டைப் பாடத் தடையில்லை. இவ்வாண்டு அதற்கும் தடை வருகின்றது என நடத்துநர் அறிவித்தால் போதும். விளையாடுவோர் ஊர்வலத்தில் நடப்பதா, பாடுவதா, பழைய கலத்தைத் தேடுவதா என முடிவு செய்தாக வேண்டும். தெய்வத்தின் உருவத்தை எவரும் விவரியாமலே ஒரு சமயம் உயிர்பெற்றுவிடுகின்றது.

புனைவுலகம் புனைவோரின் கருத்துநிலைக்கு அப்பாற்பட்டதன்று என்பதும் மறக்கற்பாலதன்று. 1975இல் வெளியான 'எம்பயர் ஒஃப் த பெற்றல் த்றோன்' என்னும் விளையாட்டை ஆக்கிய எம். ஏ. ஆர். பாக்கர் (1929–2012) மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் தென்னாசியத் துறைப் பேராசிரியராயிருந்தவர். 20 தெய்வங்களையும் மொழிகளையும் எழுத்துகளையும் வகுத்த அவரே, 1991இல் நாசிசத்துக்குச் சார்பான நாவலொன்றைப் புனைபெயரில் வெளியிட்டவர் என்பதை, அவரது ஆக்கங்களைப் பேணும் நிறுவனம் 2022இல் ஒப்புக்கொண்டது. பரந்த புலமை ஒன்றே மனிதநேயத்துக்குப் பிணையாகாது.

ஆகவே, கற்பனைச் சமயத்தின் தரத்தை அதன் தெய்வங்களின் விந்தையால் அளத்தல் பொருந்தாது. யார் விதைக்கின்றனர், யார் அளக்கின்றனர், யார் வாசலுக்கு வெளியே நிற்கின்றனர் என்னும் வினாக்களுக்கு அது விடை தருகின்றதா என்பதே உரைகல். இவ்வினாக்களை மேசையைச் சுற்றியமர்ந்து கேட்கப் பழகியவர், தம் ஊர்த் திருவிழாவிலும் அவற்றைக் கேட்கத் தலைப்படுவர். இவ்விளையாட்டின் பெரும்பயன் அதுவே எனலாம்.